பில்லில் இருப்பது மாப்பிள்ளை பேர்

கதிர்,

உன் அம்மா எழுதுகிறேன். வரி மேடும் பள்ளமுமாகப் போவதைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கையெழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். நாலு நாளாக, காலை வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். நீ எடுத்ததும் "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா" என்று கேட்டாய். அதோடு எனக்குப் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் நழுவ முடியாது. கீழத்தெரு சலீம் பாய் அடுத்த வாரம் குவைத்துக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படிக்கும்போது கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, வேலைக்குப் போய் வந்து மறுபடி எடுத்துப் படி. கிழித்து மட்டும் போடாதே.

தை பிறந்தால் உன் கல்யாணம். பத்திரிகை அடிக்க யார் யார் பேர் போடுவது என்று கேட்டேன். "அந்த ஆளு பேரு பத்திரிகைல வந்தா நான் பிளைட் ஏற மாட்டேம்மா" என்றாய். அந்த ஆள் என்று நீ சொன்னது உன் மச்சானை, உன் அக்காவுக்குத் தாலி கட்டினவரை. நான் "சரிப்பா" என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு உலை வைக்கவே தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா தேன்மொழி குடித்த அந்த மருந்தை வாங்கியது உன் மச்சான் இல்லை, தம்பி. நான். கும்பகோணத்துக் கடையில் என் கையால் வாங்கி, அவள் வாழ்க்கைப்பட்ட குத்தாலத்துக்குப் பஸ் ஏறிக் கொண்டுபோய், என் கையால் ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தவள் நான். பில்லில் இருப்பது மாப்பிள்ளை பேர். அதை நீ பார்த்தாய். அந்தப் பேரைப் போடச் சொன்னதும் நான்தான். இரண்டு வருஷமாக மூடி வைத்திருந்ததைப் போன வாரம் மதுரைக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பேப்பரிலோ யாருடைய போனிலோ வந்து நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் என்னிடமிருந்து தெரியட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எங்கே தொடங்கியது என்று யோசித்தால், மருந்துக் கடையில் இல்லை, என் வாயில். உன் அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை. அவளும் மாப்பிள்ளையும் தஞ்சாவூரில் பெரிய டாக்டரிடம் போய் இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொண்டு, ஒரு குறையும் இல்லை, பொறுமையாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். நான்தான் இருக்கவில்லை. ஒவ்வொரு தரம் போன் பண்ணும்போதும் "ஏதாவது விசேஷம் உண்டாடி" என்று கேட்பேன். "உண்டு. உங்க மாப்பிள்ளை ஹார்வெஸ்டருக்கு புது பெல்ட் மாட்டிருக்காரு" என்று சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கே ஏழு வருஷம் கழித்துத்தான் அவள் பிறந்தாள். அந்த ஏழு வருஷத்தில் நடவு வயலில் வரிசையில் நிற்கும்போதுகூட எனக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவார்கள். வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். அதெல்லாம் என் பெண்ணுக்கு வந்துவிடக் கூடாது என்று பயந்தேன். அவளுக்கு யாரும் அப்படிப் பேசவில்லை. அந்த வீட்டில் அதைப் பேசியது நான் ஒருத்திதான். இதை உன்னிடம் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆவணி மாதம் சேலைக்கு ஓரம் அடிக்கக் கொடுக்கக் கும்பகோணம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மூலிகை மருந்துக் கடை, வாசலில் பெரிய படம், ஒரு பெண் கையில் குழந்தையோடு சிரிக்கிற மாதிரி. கால் தானாக உள்ளே போய்விட்டது. கடைக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணும், மூணு மாசம் விடாமல் குடிக்க வேண்டும் என்றார். நான் கேட்டேன், அதை மட்டும் நான் கேட்டேன், தம்பி. "ஒண்ணும் பண்ணிடாதுங்களே?" என்றேன். அவர் புட்டியைத் திருப்பி நகத்தால் காட்டினார். "பச்சிலை என்னம்மா பண்ணப் போவுது? இந்தா பாருங்க, கவர்மெண்டு அனுமதி. நம்பரே போட்டிருக்கு" என்றார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தமிழ்நாடு அரசு அனுமதி பெற்றது என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அரசு என்றால் என்ன என்று யோசித்துப் பார். உன் அப்பா கட்சிக்காரர், அவர் இருந்தவரைக்கும் நம் வீட்டு வாசலில் எப்போதும் கொடி பறக்கும். நாம் இருக்கிற மனைக்குப் பட்டா கொடுத்தது அரசு. அரிசி கொடுத்தது, டிவி கொடுத்தது. தேன்மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்தது. அதை அவளைவிட நீதான் அதிகம் ஓட்டினாய், சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாமல், நின்றபடியே மிதித்து. அவளைப் பின்னால் உட்காரவைத்து வாய்க்கால் கரையில் நீ ஓட்டி, இரண்டு பேரும் சேற்றோடு வந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பெண்பிள்ளைக்குச் சைக்கிள் கொடுத்த அரசு அவள் குடிக்கிற மருந்தைப் பார்க்காமலா அனுமதி கொடுத்திருக்கும் என்று நினைத்தேன்.

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்து, "யார் பேருக்குமா போடட்டும்?" என்றார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, மாப்பிள்ளை பேரைச் சொன்னேன். கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஒரு பொருள் வாங்கினால் அவள் வீட்டுக்காரர் பேரில்தானே வாங்க வேண்டும். அவர் இருக்கும்போது என் பேரைச் சொன்னால் என்ன மரியாதை? அவ்வளவுதான் நான் நினைத்தது. அந்த ஒரு சொல் அவர் தலையில் போய் விழும் என்று எனக்குத் தெரியாது.

தேன்மொழிக்கு அதைக் குடிக்க இஷ்டமே இல்லை. "டாக்டர்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்கல்லம்மா, எதுக்கு இந்தக் கருமம்" என்றாள். நான் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அனுமதி வரியை அவளுக்கு முன்னால் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண்ணுக்கு அஞ்சாவது படித்த நான் படித்துக் காட்டுகிறேன். அவள் சிரித்துவிட்டாள். "சரி கொண்டா. கவர்மெண்டுக்காக ஒரு ஸ்பூன், உனக்காக ஒரு ஸ்பூன்" என்று வாயைத் திறந்தாள். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் முந்தானையிலேயே வாயைத் துடைத்தாள். நான் அங்கே இருந்தவரைக்கும் குடித்தாள். நான் ஊருக்கு வந்த பிறகு போனில் கேட்டுக் கேட்டுக் குடிக்க வைத்தேன். இரண்டாவது புட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்புறம் நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். நான் சந்தோஷப்பட்டேன், விசேஷம்தான் என்று நினைத்து. பத்து நாளில் கண் மஞ்சளாகிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். முதல் நாளே ஒரு டாக்டரம்மா என்னிடம், "வேற மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, தம்பி, இதை மட்டும் நம்பு. பச்சிலையை மருந்து என்று நான் நினைக்கவே இல்லை. மருந்து என்றால் மாத்திரை, ஊசி. இது சுக்குக் கஷாயம் மாதிரி ஒன்று என்றுதான் இருந்தேன். அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து புட்டியையும் பில்லையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து டாக்டரிடம் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் ஒரு நாள் போய்விட்டது. அந்த ஒரு நாளில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டரம்மா பிற்பாடு சொன்னாள். அவள் நல்ல பெண், அப்படித்தான் சொல்வாள்.

நீ குவைத்திலிருந்து வந்து இறங்கியபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்தப் பையில் நீ புட்டியைப் பார்த்தாய், பில்லைப் பார்த்தாய். மச்சான் சட்டையைப் பிடித்து, "புள்ள இல்லன்னு எதையோ வாங்கிக் குடுத்துக் கொன்னுட்டியேடா" என்று உலுக்கினாய். நாலு பேர் பிரித்துவிட்டார்கள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவளையும் இழந்து, உன்னையும் இழந்துவிடுவேனோ என்ற பயம். சட்டையில் பட்டன் அறுந்துபோய், அதோடு அவர் கொள்ளி வைத்தார்.

கேஸ் போட வேண்டும் என்று எனக்கு எப்போது தோன்றியது என்று நீ கேட்டதில்லை. காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அந்தக் கடை வழியாகப் போனேன். அதே புட்டி, அதே வரிசையில். தாலியில் மஞ்சள் வெளுக்காத ஒரு பெண் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வேண்டாம் பாப்பா, எம்மவ இதைக் குடிச்சுத்தான் போயிட்டா" என்றேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று விரட்டினார். அந்தப் பெண் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாளைக்கு வருகிற பெண்ணுக்கு நான் அங்கே நிற்க முடியுமா? அனுமதியை எடுத்தால்தான் புட்டி அலமாரியிலிருந்து இறங்கும் என்று தெரிந்தது. உன்னிடம் சொன்னேன், நீதான் விசாரித்து அதிராம்பட்டினத்து வக்கீலம்மா நசீமாவைப் பிடித்துக் கொடுத்தாய். "அவனையும் சேர்த்து உள்ள தள்ளும்மா" என்று நீ நின்றாய். "அவரை விட்டுடு, மருந்துமேல போடுவோம்" என்று நான் சொன்னேன். மாப்பிள்ளையாச்சே என்று இரக்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பாய்.

அந்தப் பெண் நசீமா கெட்டிக்காரி. அனுமதி கொடுத்த ஆபீசில் தகவல் கேட்டு எழுதிக் கோப்பையே வரவழைத்துவிட்டாள். பழைய ஏட்டில் இருக்கிற மருந்து, காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள், அதனால் சோதனை வேண்டாம் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். ஆனால் ஏட்டில் இல்லாத இரண்டு மருந்துச் சரக்கின் பேர் புட்டியின் மேல் சின்ன எழுத்தில் இருக்கிறது. அதை யாரும் ஒத்துப் பார்க்கவே இல்லை. "அவங்க பார்க்காத வேலையைத்தான் நாம கேட்கிறோம்மா" என்றாள். எனக்குப் பச்சிலைமேல் ஒரு கோபமும் இல்லை, தம்பி. இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் நிலவேம்புதான் வைத்துக் குடிக்கிறேன். பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதியதுதான் என் பெண்ணைக் கொண்டுபோனது. அதற்கு உடந்தையாக நானும் பார்க்காமல் படித்தேன்.

கோர்ட்டில் மருந்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. முதல் நாளே கம்பெனி வக்கீலும் அரசு வக்கீலும் சேர்ந்து ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலீஷில் லோகஸ், லோகஸ் என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள். வெளியே வந்ததும் நசீமாவிடம், "என்ன பாப்பா, நான் லோக்கல் இல்லைன்னு சொல்றாங்களா? எங்க ஊரு பாபநாசம் லோக்கல்தானே" என்று கேட்டேன். அவள் பாவம், சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "லோக்கல் இல்லம்மா. இந்தக் கேஸைப் போட உங்களுக்கு என்ன பாத்தியதைன்னு கேக்கறாங்க" என்றாள். மருந்தைக் குடித்தவள் போய்விட்டாள். பில் புருஷன் பேரில் இருக்கிறது, வாங்கியவர் அவர். அவர் ஒரு புகாரும் கொடுக்கவில்லை. வேறு ஊரில் இருக்கிற தாயாருக்கு இதில் என்ன இருக்கிறது, மனுவை உள்ளே எடுக்கவே கூடாது என்பது அவர்கள் பேச்சு. நசீமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அம்மா, மனுவுல 'வாங்கப்பட்ட மருந்து'ன்னுதான் இருக்கு. வாங்கினது யாருன்னு நீங்க சொல்லவே இல்லையே?" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன் பாப்பா" என்று பஸ் ஏறிவிட்டேன். யோசிக்க அதில் என்ன இருக்கிறது.

பாத்தியதை என்ற சொல் எனக்குப் புதிதில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்கப் புழங்கியது. என் அப்பா, உனக்குத் தாத்தா, ஒரு மிராசுதாரர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். உழுது, நட்டு, தண்ணி பாய்ச்சி எல்லாம் அவர்தான். குத்தகைக்காரர் பேரையெல்லாம் பதிந்துகொள்ள வேண்டும் என்று அப்போது சட்டம் வந்தது. அதிகாரி ஊருக்கு வந்து, "யார் பேர்ல எழுதறது?" என்று கேட்டார். அப்பா தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, "எங்க அண்ணன் பேர்ல எழுதுங்க" என்றார். அண்ணன் இருக்கும்போது தம்பி பேரா? பெரியப்பா கலப்பையைத் தொட்டதே இல்லை. மூணு வருஷம் கழித்து மிராசுதாரர் கூப்பிட்டனுப்பியதும், நிலத்தை விட்டுவிட்டேன் என்று பெரியப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா தாலுகா ஆபீசில் போய், "உழுதது நாந்தானுங்க" என்று நின்றார். "பேர் இல்லையே, உனக்கு என்ன பாத்தியதை?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சிவப்புக் கொடி பிடித்த ஆட்கள் வந்து, வாங்கண்ணே, நீங்க நட்ட நெல்லு, நாம அறுப்போம் என்று கூப்பிட்டார்கள். வரப்பு முழுக்கப் போலீஸ் நின்றது. அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு போய், வரப்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அறுக்காமலே திரும்பி வந்தார். அப்புறம் அவர் அந்தப் பக்கம் நடந்தே போகவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள்தான் மருந்துக் கடையில் நின்று வேறொருத்தர் பேரைச் சொன்னேன்.

மதுரையிலிருந்து நான் வந்த மூணாம் நாள் மாப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்தார். குறுவை அறுப்புச் சமயம், மிஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார், சட்டையெல்லாம் தூசி. நசீமா போன் பண்ணியிருக்கிறாள் போல. தண்ணி குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அத்தை, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பில்லு எம்பேர்லதான இருக்கு. நானே மனு போட்டுர்றேன். நாந்தான் வாங்கிக் குடுத்தேன்னு எழுதிட்டாப் போதும், யாரும் பாத்தியதை கேக்க முடியாது. நீங்க கோர்ட்டுப் படியே ஏற வேண்டாம்."

"நீங்க வாங்கலையே மாப்பிள்ளை" என்றேன். இரண்டு வருஷத்தில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தரம்.

"வாங்கினேன்னுதான ஊரே சொல்லுது. பழகிப்போச்சு. மிஷின் சத்தத்துல ஊரு பேசுறது எங்க அத்தை காதுல விழுது?"

"யார் வாங்கினதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "தெரியும். ஆஸ்பத்திரில ரெண்டாம் நாளே அவ சொல்லிட்டா. 'எங்கம்மாதான் வாங்கியாந்துச்சு. அதுகிட்ட கேட்டுறாதீங்க, தாங்காது, செத்துரும்'னா. சத்தியம் வாங்கிக்கிட்டா."

தம்பி, நீ சட்டையைப் பிடித்து உலுக்கியபோது அவர் என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நீங்க சொல்லுங்களேன் என்று பார்த்த பார்வை இல்லை அது. பயப்படாதீங்க, நான் சொல்ல மாட்டேன் என்று பார்த்திருக்கிறார். சாகக் கிடந்தவள் தன்னைப் பற்றிக் கவலைப்படாமல் எனக்குக் காவல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் அழுதேன். அவரும் அழுதார். வெயில் ஏறிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி எழுந்தவரை உட்கார வைத்துச் சோறு போட்டேன்.

அவர் சொன்ன வழி சுலபமான வழி. நான் ஒரு வாய்ச் சோற்றை அவர் இலையில் போடுகிற நேரம்கூட ஆகாது, சரி என்று சொல்ல. கேஸ் நிற்கும், நீயும் என்னை விட்டுப் போக மாட்டாய். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் செய்யாததைச் செய்தேன் என்று சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்துவிட்டால், அதை அவர் சாகிற வரைக்கும் அழிக்க முடியாது. நாளைக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டிய வயசு. அவருக்குப் பெண் கொடுக்க வருகிறவன் அந்தக் காகிதத்தைப் படிப்பான். "பேரை மாத்திச் சொன்னதுதான் மாப்பிள்ளை இவ்வளவுக்கும் ஆச்சு. இன்னொரு தரம் மாத்த வேண்டாம்" என்றேன். "அவகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன் அத்தை" என்றார். "என்கிட்ட கேக்க மாட்டேன்னுதான சத்தியம்? நீங்க கேக்கல. நானா சொல்லிட்டேன்" என்றேன்.

நசீமாவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, இதை எழுதினா எதிர்ப் பக்கம் உங்கமேலயே திருப்புவாங்க. தாங்குவீங்களா?" என்றாள். எழுது பாப்பா என்றேன். தமிழிலும் ஒரு நகல் அடித்துத் தந்தாள். "அரசு அனுமதி பெற்றது என்ற வாசகத்தை நானே படித்து, அதை நம்பி, என் கையால் வாங்கி, என் மகளுக்கு என் கையால் கொடுத்தேன்." இரண்டு வரிதான். அதைப் படிக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்று கேட்காதே. கையெழுத்துப் போட்டேன். நான் வாங்கவில்லை, பில்லில் பேர் மட்டும்தான் என்னுடையது என்று மாப்பிள்ளையும் தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தார்.

நசீமா சொன்னபடியேதான் நடந்தது. கம்பெனி வக்கீல் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, கொடுத்தவரே இவர்தான், குற்றத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அனுமதியைக் குறை சொல்கிறார் என்று பேசினார். அவர் இங்கிலீஷில் பேசியதை நசீமா என் காதில் தமிழில் சொன்னாள். நீதிபதி ஐயா என்னை முன்னால் வரச் சொல்லித் தமிழிலேயே கேட்டார்.

"நீங்க வாங்கின மருந்துக்கு ஏம்மா மருமகன் பேர் போட்டீங்க?"

"மாப்பிள்ளை இருக்கும்போது எம்பேரை எப்படிங்க ஐயா சொல்றது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவங்க சொல்றதைக் கேட்டீங்களா? தப்பு உங்களோடதுன்னு சொல்றாங்க" என்றார்.

"ஆமாங்க ஐயா. என் தப்பை நான் எழுதிக் குடுத்துட்டேன். புட்டிமேல எழுதியிருந்ததை நான் யாரோ எழுதினதுன்னு படிக்கல, அரசாங்கம் எனக்குச் சொன்னதுன்னு படிச்சேன். எம்மவகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பார்த்துட்டுத்தான் எழுதுனீங்களான்னு கேக்கணும். வேற ஒண்ணும் கேக்கலீங்க."

மத்தியானத்துக்கு மேல் உத்தரவு சொன்னார். நசீமா எழுதிக்கொண்டு வந்து சொன்னதை எனக்குப் புரிந்தபடி உனக்குச் சொல்கிறேன். அனுமதி என்பது வாங்குகிறவர்கள் நம்புவதற்காகக் கொடுப்பது. அதை நம்பி வாங்கினவருக்கு, அது எப்படிக் கொடுக்கப்பட்டது என்று கேட்கப் பாத்தியதை உண்டு. பில்லில் யார் பேர் என்பதால் அது போகாது. மனுவை எடுத்துக்கொள்கிறோம், அசல் கோப்போடு வாருங்கள். அவ்வளவுதான், தம்பி. நாம் ஜெயிக்கவில்லை. அந்தப் புட்டி இன்னும் கடையில்தான் இருக்கிறது. கேட்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை வாய்தா ஆகும் என்று தெரியாது. தஞ்சாவூரில் இறங்கியபோது மாப்பிள்ளை, "அடுத்த வாய்தாவுக்கும் நான் வர்றேன் அத்தை, உங்களுக்கு மதுரைல பஸ் மாறத் தெரியாது" என்றார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

குடித்தனம் பண்ணப் போகிறாய், அதனால் இரண்டு விஷயம் சொல்கிறேன். வரப்போகிற பெண்ணிடம் குழந்தையைப் பற்றி யார் கேட்டாலும், நான் கேட்டாலும், "அம்மா, சும்மா இரு" என்று அவள் முன்னாலேயே சொல். எனக்கு வலிக்கட்டும், பரவாயில்லை. அவள் உடம்புக்கு எதுவும் வேண்டும் வேண்டாம் என்று சொல்ல அவள் ஒருத்திக்குத்தான் பாத்தியதை. இன்னொன்று, அவள் செய்ததை அவள் பேரில் எழுது, நீ செய்ததை உன் பேரில் எழுது. மரியாதை என்று நினைத்து மாற்றிச் சொல்லாதே. நல்லதாக இருந்தாலும் சரி, கெட்டதாக இருந்தாலும் சரி.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தால் எழுத வரவில்லை. நான் யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் அதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள், அதையே இன்னும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பார்த்துக்கொள். தோன்றாவிட்டாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் உன் மச்சான் விஷயம் தள்ளிப்போடக் கூடாது. இதைப் படித்து முடித்ததும் அவரைக் கூப்பிடு. என்ன பேசுவது என்று யோசிக்காதே, மச்சான் என்று கூப்பிட்டால் போதும், மற்றதை அவர் பேசிக்கொள்வார். அதற்கப்புறம் உனக்குள் மிச்சம் இருக்கிற கோபம் எல்லாம் என்னுடையது. வேறு யாரிடமும் கொடுக்காதே. திட்டுவதானாலும் என்னையே கூப்பிட்டுத் திட்டு. நான் போனை எடுப்பேன்.

உன்னையும் அவளையும் பெற்ற
அம்மா